பார்வையற்றோரும் இஸ்லாமியக் கல்விக்கூடங்களும்

ஹிஜ்ரத்துக்கு முன்னரே மதீனாவாசிகளுக்குத் திருக்குர்ஆனைக் கற்பிக்க மக்காவிலிருந்து சென்ற முதல் இருவரின் பெயர்களை ஸஹீஹுல் புகாரி நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளது. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தியின்படி, ஒருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). மற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). முஸ்அப் அவர்களின் பெயரை நம் மேடைகள் அடிக்கடி சொல்கின்றன. அவருடன் அமர்ந்து ஓதிக்கொடுத்த இரண்டாமவர் கண்பார்வை அற்றவர் என்பதை நாம் அத்துணை அழுத்தமாகச் சொல்வதில்லை. மதீனாவின் முதல் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பார்வையற்றவர் என்றால், இஸ்லாமியக் கல்வியின் வரலாறு அத்தகையோரை உள்ளே அமர்த்திக்கொண்டே தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்னும் தொடர் இன்று கல்வித்துறையில் பெரிதும் பேசப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றது. இந்தியா 2007 அக்டோபரில் அதற்கு ஏற்புறுதி அளித்தது. இப்பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் பார்வையற்ற இமாம்களின் பட்டியலொன்றைப் படித்துவிட்டு, இவையெல்லாம் நம்மிடம் முன்பே இருந்தவை என்று பெருமூச்செறிந்து முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பட்டியல் உண்மையானதே. ஆனால் பட்டியல் மட்டுமே வரலாறு ஆகிவிடாது. அப்பெருமக்கள் எவ்வாறு கற்றார்கள், அவர்களுக்கு யார் வாசித்துக் காட்டினார்கள், அவர்களுடைய உணவுக்கும் உறைவிடத்துக்கும் யார் பொறுப்பேற்றார்கள், கற்று முடித்தபின் அவர்களுக்கு என்ன பணி கிடைத்தது என்னும் கேள்விகளுக்கு விடை காணும்போதுதான் அது வரலாறு ஆகிறது. அவ்வாறு தேடும்போது பொறுப்பு, கற்பிக்கும் முறை, பொருளாதாரம் ஆகிய மூன்று துறைகளிலும் தெளிவான ஏற்பாடுகள் இருந்ததைக் காண்கிறோம்.

பொறுப்பில் பங்கு

எண்பதாம் அத்தியாயமாகிய 'அபஸ' இறங்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. குறைஷித் தலைவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கையுடன் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அங்கு வந்தார்கள். செல்வாக்குடையோரை விட, தூய்மை பெற நாடி வந்த அந்தப் பார்வையற்ற மாணவரே முன்னுரிமைக்கு உரியவர் என்று அல்லாஹ் தன் தூதருக்கு உணர்த்தினான். ஒரு மாணவரின் கற்கும் உரிமை தொடர்பாக இறைமறையே குறுக்கிட்ட நிகழ்வு இது.

இந்நிகழ்வை நாம் பெரும்பாலும் இரக்கம் பற்றிய பாடமாக மட்டுமே எடுத்துரைக்கிறோம். பின்னர் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரக்கத்தைக் கடந்த ஒன்று புலப்படும். மதீனாவில் அவர் பிலால் (ரலி) அவர்களுடன் முஅத்தினாக நியமிக்கப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் பலமுறை மதீனாவின் பொறுப்பை ஏற்று மக்களுக்குத் தொழுகை நடத்தினார்.

ரமளானில் பிலால் அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கைக் கேட்கும் வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபிமொழி. வைகறையைக் கண்ணால் காண இயலாத ஒருவரிடம், வைகறையை அறிவிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது எவ்வாறு? அதே ஹதீஸிலேயே விடை இருக்கிறது. காலை புலர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் அவரிடம் சொல்வார்கள்; அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார். பணி அவருடையது. அப்பணியை நிறைவேற்றத் தேவையான உதவி சமூகத்துடையது. அவரால் விடியலைப் பார்க்க முடியாது என்பதைக் காரணமாக்கி அப்பணி வேறொருவருக்கு மாற்றப்படவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான இன்றைய சட்டங்கள் 'நியாயமான தகவமைப்பு' என்று நீண்ட பிரிவுகளில் விளக்குவதன் சாரம் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

மற்றொரு பார்வையற்ற நபித்தோழரான இத்பான் இப்னு மாலிக் (ரலி) தம் குலத்தாருக்கு இமாமாக நின்றதையும் புகாரி பதிவு செய்துள்ளது. இச்சான்றுகளின் அடிப்படையிலேயே, இமாமத்தைப் பொறுத்தவரை பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் சமமே என்று ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் கூறுகின்றன. பார்வையற்றவரை இமாமாக்குவது சிறப்பன்று எனக் கருதிய ஹனஃபி அறிஞர்களும், கூட்டத்தில் அவரே மிகக் கற்றவராக இருப்பின் அவரே முன்னுரிமை பெறுவார் என்று விதிவிலக்கு அளித்தனர்.

காதை நம்பிய கல்விமுறை

இரண்டாவது, கற்பிக்கும் முறை. ஆரம்ப நூற்றாண்டுகளில் கல்வி என்பது செவிவழிச் செல்வமாகவே இருந்தது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது 'ஸமாஉ'; மாணவர் ஓத ஆசிரியர் கேட்டுத் திருத்துவது 'அர்ளு'. எழுத்து நினைவுக்குத் துணையாக இருந்ததே தவிர, நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. இத்தகைய வகுப்பில் பார்வையற்ற மாணவர் தனிச்சலுகை எதுவுமின்றி மற்றவர்களுக்கு நிகராக அமர முடிந்தது.

பஸராவின் கதாதா இப்னு திஆமா (மறைவு ஹி. 117) பிறவியிலேயே பார்வையற்றவர். அனஸ் (ரலி), ஹஸன் பஸரீ (ரஹ்) ஆகியோரிடம் கற்றவர். ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ் ஏட்டை ஒருமுறை வாசிக்கக் கேட்டே மனனம் செய்தவர் என்று குறிப்புகள் கூறுகின்றன. மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதாஉ இப்னு அபீ ரபாஹ் (மறைவு ஹி. 114) விடுதலை செய்யப்பட்ட அடிமை மரபினர், கறுப்பினத்தவர், கால் ஊனமுற்றவர், முதலில் ஒரு கண்ணையும் பின்னர் முழுப் பார்வையையும் இழந்தவர். குலம், நிறம், உடல் என ஒரு சமூகம் மனிதனை ஒதுக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் காரணங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. ஆயினும் ஹஜ்ஜுக் காலத்தில் அதாவைத் தவிர வேறு எவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று உமய்யா ஆட்சியில் பறைசாற்றப்பட்டது என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நூல்கள் பெருகி, நினைவை விட ஏடு முதன்மை பெறத் தொடங்கியபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஹதீஸ்களை மனனம் செய்யாத பார்வையற்ற அறிவிப்பாளர், தம்மால் சரிபார்க்க இயலாத ஓர் ஏட்டிலிருந்து அறிவித்தால் அதை ஏற்கலாமா? ஹதீஸ் கலையின் அடிப்படை நூலாகிய 'முகத்திமா'வில் இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643) இதை ஆராய்கிறார். நம்பிக்கைக்குரியவர்களின் துணையுடன் தாம் கேட்டதைப் பிழையறப் பதிவு செய்து, ஏட்டைப் பாதுகாத்து, அறிவிக்கும் வேளையில் அது தமக்கு வாசிக்கப்படும்போது இயன்ற எச்சரிக்கையைக் கடைப்பிடித்து, மாற்றம் நேரவில்லை என்னும் நம்பிக்கை ஏற்பட்டால் அவரது அறிவிப்பு செல்லும் என்பது அவர் தரும் முடிவு. இதில் கடுமையான மாற்றுக் கருத்துகளும் இருந்தன. எனினும், ஒரே ஒரு சொல் மாறினாலும் பொறுக்காத ஒரு கலையின் அறிஞர்கள், தங்கள் தரத்தைச் சிறிதும் தளர்த்தாமலேயே வாசிப்பவர், எழுதுபவர் என்னும் துணைகளை முறைப்படி அங்கீகரித்தார்கள் என்பது நம் கவனத்துக்கு உரியது. உள்ளடக்கிய கல்வி தரத்தைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு இதுவே தக்க விடை.

இம்முறையின் முழுமையான விளைச்சல் என்று இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களைச் சொல்லலாம். ஹி. 538இல் (கி.பி. 1144) அந்தலூசியாவின் ஷாத்திபா நகரில் பார்வையின்றிப் பிறந்த அவர், பலன்ஸியாவில் இப்னு ஹுதைலிடம் கிராஅத் கலையைக் கற்று, பின்னர் எகிப்தில் குடியேறினார். அபூ அம்ருத் தானியின் 'அத்தைஸீர்' என்னும் உரைநடை நூலில் இருந்த ஏழு கிராஅத்துகளின் விவரங்களை 1173 அடிகள் கொண்ட கவிதையாக்கினார். அதுவே 'ஷாத்திபிய்யா' என வழங்கும் 'ஹிர்ஸுல் அமானீ'. ஒவ்வொரு காரிக்கும் ஓர் எழுத்தைக் குறியீடாக்கினார்: நாஃபிஉக்கு அலிஃப், காலூனுக்கு பே, வர்ஷுக்கு ஜீம் என்றவாறு. ஏட்டைப் புரட்டித் தேடவேண்டிய விவரங்கள் யாவும் நாவிலும் நெஞ்சிலும் தங்கிவிட்டன. தமக்குத் தேவைப்பட்ட ஒரு வழியை அவர் அமைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையுள்ளவர்கள் அவ்வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இதனினும் வியப்புக்குரியது அவரது மற்றொரு கவிதை நூலாகிய 'அகீலா'. திருக்குர்ஆன் பிரதியில் எந்தச் சொல்லில் அலிஃப் எழுதப்படும், எதில் விடப்படும் என்பது போன்ற எழுத்திலக்கணத்தை விளக்கும் நூல் அது. தம் வாழ்நாளில் ஓர் எழுத்தையும் கண்டிராத ஒருவர், முஸ்ஹஃபின் எழுத்துமுறைக்கு ஆதார நூல் இயற்றியிருக்கிறார்! பார்வையற்ற மாணவருக்கு இன்ன பாடம் ஒத்துவராது என்று நுழைவாயிலிலேயே தீர்மானித்து விடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வக்ஃபு என்னும் அடித்தளம்

மூன்றாவது, பொருளாதாரம். ஷாத்திபியின் மேதைமை அவருக்கு இறைவன் அளித்தது. அம்மேதைமை இயங்குவதற்கான இடத்தை மனிதர்களே அமைத்துத் தந்தனர். சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழில் ஃபாழில் கெய்ரோவில் நிறுவிய ஃபாழிலிய்யா மத்ரஸாவில் ஷாத்திபிக்குக் கிராஅத் துறையின் தலைமைப் பொறுப்பு வழங்கப்பட்டது. ஹி. 590இல் மறையும் வரை அவர் அங்கேயே கற்பித்தார். அவர் அங்கு தர்மம் பெற்றவராக அல்லர், ஆசிரியராகவே இருந்தார்.

பிற்காலத்தில் அல்அஸ்ஹரில் இவ்வேற்பாடு நிறுவன வடிவமே பெற்றது. கி.பி. 1736இல் மறைந்த உஸ்மான் கத்குதா என்னும் பிரமுகர், அல்அஸ்ஹரை ஒட்டிப் பார்வையற்றோருக்கெனத் தனியாக ஒரு ஸாவியாவைக் கட்டினார். 'ஸாவியத்துல் உம்யான்' என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்டு லேன், 1836இல் வெளிவந்த தம் நூலில், ஏறக்குறைய முந்நூறு பார்வையற்றோர் அங்கு வக்ஃபு நிதியால் பராமரிக்கப்பட்டதையும் அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்களாக இருந்ததையும் குறிப்பிடுகிறார்.

அவர்கள் வாய்மூடி வாழ்ந்த கூட்டமும் அல்லர். 1798 அக்டோபரில் நெப்போலியனின் படைக்கு எதிராகக் கெய்ரோ கிளர்ந்தெழுந்தபோது, அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கொன்ற ஷைகுகளுள் பார்வையற்றோரின் தலைவரான சுலைமான் அல்ஜவ்ஸகியும் ஒருவர். 1834 முதல் 1838 வரை அல்அஸ்ஹரின் தலைமை ஷைகாக வீற்றிருந்த ஹஸன் அல்குவைஸினி பார்வையற்றவர். தங்கும் இடம் தனியாக இருந்ததேயன்றி, அறிவின் தலைமைப் பீடம் அவர்களுக்கு மூடப்பட்டிருக்கவில்லை.

குறைகளும் உண்டு

வரலாற்றை நேர்மையோடு அணுகுவோர் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நீதிபதிக்குப் பார்வை நிபந்தனை என்றே ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் கருதினர். பார்வையற்றவரின் சாட்சியத்தை ஏற்பதிலும் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது. செவியை நம்பிய கல்விமுறை, செவித்திறன் அற்றோருக்கு இயல்பாகவே கதவடைத்தது. வாய்பேச இயலாதவரின் தெளிவான சைகை, நாவால் மொழிவதற்கு நிகரானது என்பது ஃபிக்ஹு விதி; உஸ்மானியர்களின் 'மஜல்லா' அதைத் தன் 70ஆம் விதியாகவே அமைத்துக்கொண்டது. திருமணத்திலும் வணிகத்திலும் சைகையை மொழியாக ஏற்ற நம் சமூகம், வகுப்பறையில் அதை மொழியாக ஏற்கவில்லை. சட்டத்தில் திறந்த கதவு பள்ளியில் திறக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் பெரிய பாடத்தைத் தருகிறது. பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளை மட்டுமே திரட்டி ஸலாஹுத்தீன் ஸஃபதி (மறைவு ஹி. 764) எழுதிய 'நக்துல் ஹிம்யான்' என்னும் நூலை, அஹ்மத் ஸகீ பாஷா 1911இல் கெய்ரோவில் பதிப்பித்தார். பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்ஆமிதி என்னும் பார்வையற்ற ஹன்பலி அறிஞரைப் பற்றி அதில் ஒரு செய்தி உண்டு. நூல் வணிகமும் செய்த அவர், மெல்லிய காகிதத்தை முறுக்கி எழுத்து வடிவில் வளைத்து, நூலட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் மற்றொரு தாளை ஒட்டிவைப்பார். பின்னர் விரலால் தடவியே அந்நூலின் விலையை அறிந்துகொள்வார். அவர் மறைந்தது கி.பி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். லூயி பிரெயில் தம் புள்ளியெழுத்து முறையைப் பாரிஸில் வெளியிட்டது 1829இல்.

இச்செய்தியை வைத்துப் பிரெயிலைக் கண்டுபிடித்தவர் நம்மவரே என்று பெருமை பேசுவோர் உளர். அது மிகை. ஆமிதி செய்தது விலைக் குறியீடு. ஒரு நூலையே படிக்க உதவும் எழுத்துமுறை அன்று. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தடவிப் படிக்கும் அவ்வுத்தியைப் பக்தாதின் மத்ரஸாக்களில் ஒன்றேனும் எடுத்து வளர்த்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒருவரும் எடுக்கவில்லை, அது அவருடனேயே மறைந்தது. பிரெயிலின் எழுத்தும் அவர் கற்பித்த பாரிஸ் பள்ளியில் முறைப்படி ஏற்கப்பட்டது 1854இல்தான், அவர் இறந்து ஈராண்டுகளுக்குப் பின். ஆனால் அங்கு ஒரு பள்ளி இறுதியில் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவேதான் அது உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் பல மொழிகளுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது.

நவீனப் பள்ளியின் வருகை

19ஆம் நூற்றாண்டில் அரசுப் பள்ளி, அச்சு நூல், கரும்பலகை, எழுத்துத் தேர்வு என்னும் புதிய அமைப்பு வந்தபோது பழைய ஏற்பாடு நிலைகுலைந்தது. எழுத்தாளர் தாஹா ஹுஸைனின் வாழ்வு இதற்குச் சான்று. ஜாஹிலிய்யாக் கவிதைகள் குறித்து 1926இல் அவர் வெளியிட்ட கருத்துகளை அறிஞர்கள் மறுத்துள்ளனர். அது தனி விவாதம். இங்கு நமக்கு வேண்டியது அவரது கல்வி வரலாறு மட்டுமே. 1889இல் மேல் எகிப்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, கண்நோய்க்குச் செய்யப்பட்ட தவறான மருத்துவத்தால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர் அவர். பார்வையுள்ள அவருடைய அண்ணன் ஒருவருக்கு மருத்துவப் பள்ளியின் வாயில் திறந்திருந்தது. இவருக்குத் திறந்திருந்தது அல்அஸ்ஹர் ஒன்றே. 1902இல் அங்கு சேர்ந்தார். பழைய கல்விமுறை அக்காலத்தில் எத்தனையோ குறைகளுடன் இருந்தபோதிலும், அவரை உள்ளே விட்டது அதுதான்.

பின்னர் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் 1914இல் முனைவர் பட்டம் பெற்று, பிரான்சுக்கும் சென்று கற்றுத் திரும்பிய அவர், 1950 முதல் 1952 வரை கல்வி அமைச்சராக இருந்தார். கல்வி, குடிநீரும் காற்றும் போல யாவருக்கும் உரியது என்று வாதாடி, இடைநிலைக் கல்விக்கான கட்டணத்தை 1950இல் நீக்கினார். கதவுக்கு வெளியே நின்றவர் உள்ளே வந்தால், தம்மைப் போன்ற பார்வையற்றோருக்கு மட்டுமன்றி ஏழைகள் அனைவருக்கும் சேர்த்தே கதவைத் திறக்கிறார் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சவூதி அரேபியாவில் பழைய முறை நீண்டகாலம் நீடித்தது. இருபது வயதளவில் முழுப் பார்வையையும் இழந்த ஷைகு இப்னு பாஸ் (1910–1999) அல்கர்ஜ் பகுதியில் நீதிபதியாகவும், பின்னர் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும், 1993 முதல் தலைமை முஃப்தியாகவும் பணியாற்றினார். நூல்களை மற்றவர்கள் வாசிக்க, அவர் கேட்டு விளக்கமளித்தார். அவருக்குப் பின் 1999 முதல் 2025இல் மறையும் வரை அப்பொறுப்பை வகித்த ஷைகு அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷைகும் பார்வையற்றவரே. வாசிக்க ஒருவரும் கேட்க ஒருவருமாக அமரும் அந்தப் பழைய முறை இருபத்தோராம் நூற்றாண்டிலும் இயங்கக்கூடியதே என்பதை இவ்விருவரின் வாழ்வும் காட்டுகிறது.

நம் கடமை

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களது கல்வி உரிமையை விரிவாக வரையறுத்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ, 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது. நம் கல்விக்கூடங்களின் தனித்தன்மையைக் காக்கும் விலக்கு இது; அதை நாம் வரவேற்றோம். ஆனால் சட்டம் கேட்காத இடத்தில் மார்க்கம் கேட்கும் என்பதை மறந்துவிடலாகாது. 'அபஸ' அத்தியாயத்தில் எவருக்கும் விலக்கு இல்லை.

நம் பகுதியில் பார்வையற்ற சிறுவர்கள் ஹிஃப்ளு வகுப்பில் சேர்க்கப்படுவதை ஆங்காங்கே காண்கிறோம், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பெரும்பாலும் அத்துடன் அவர்களுடைய கல்வி நிறுத்தப்படுகிறது. ஏழாண்டு ஆலிம் படிப்பு என்று வரும்போது, கிதாபுகளை எவ்வாறு படிப்பார், தேர்வை எவ்வாறு எழுதுவார் என்ற கேள்விகளே விடையாகிவிடுகின்றன. பார்வையற்ற சிறுமியரின் நிலை இன்னும் கடினம். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிஸ்வான் மத்ரஸாவைத் தேடித்தான் காணவேண்டும்.

இக்கேள்விகளுக்கு இப்னுஸ் ஸலாஹ் காலத்திலேயே விடை சொல்லப்பட்டுவிட்டது. வாசித்துக் காட்ட ஒரு சக மாணவர், தேர்வு எழுத நம்பிக்கையான ஓர் எழுத்தர், அல்லது வாய்மொழித் தேர்வு. இன்று இவற்றுடன் ஒலிப்பதிவுகளும், எழுத்தை ஒலியாக்கும் கணினி மென்பொருள்களும், பிரெயில் நூல்களும் சேர்ந்துள்ளன. பாடங்களை ஆசிரியர் நடத்தும்போதே பதிவு செய்து தொகுத்தால் சில ஆண்டுகளில் முழுப் பாடத்திட்டமும் ஒலிவடிவில் கிடைத்துவிடும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கட்டடங்களிலும் ஒளூச் செய்யும் இடங்களிலும் பிடிமானமும் சாய்தளமும் அமைக்கலாம். ஜகாத், வக்ஃபு நிதிகளிலிருந்து இத்தகைய மாணவர்க்கென ஒரு பங்கை ஒதுக்குவது முன்னோர் காட்டிய வழியே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸனது பெற்றபின் அவர்களை இமாமாகவும் உஸ்தாதாகவும் நியமிக்க ஜமாஅத்துகள் முன்வர வேண்டும். படிப்புக்கு உதவி செய்துவிட்டுப் பணிக்கு மறுப்பது பாதி வழியில் கைவிடுவதாகும். செவித்திறன் அற்றோருக்கு முன்னோர் செய்யாது விட்டதையும், ஜுமுஆ உரைக்குச் சைகைமொழிபெயர்ப்பு என்ற அளவிலேனும் நாம் தொடங்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் எல்லாக் கல்லூரிகளும் செய்துவிட இயலாது. ஒவ்வொரு கல்லூரியும் வரும் ஷவ்வாலில் ஒரே ஒரு பார்வையற்ற மாணவரை ஆலிம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தால் போதும்; தேவையான மற்ற ஏற்பாடுகளை அந்த மாணவரின் வருகையே நமக்குக் கற்றுத்தந்துவிடும். கிராஅத் கற்பிக்கும் நம் கல்லூரிகளில் ஷாத்திபிய்யா இன்றும் மனனம் செய்யப்படுகிறது. அதை இயற்றியவரைப் போன்ற ஒரு சிறுவன் சேர்க்கை நாளில் தன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், நம் அலுவலகம் அவனுக்கு என்ன விடை சொல்லும் என்பதை நிர்வாகிகள் இப்போதே கூடி முடிவு செய்வது நலம். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக.